குனிந்து வரவும்

பல் செட்டுக்காரர் வீட்டுப் பின்னறைக்குள் நிமிர்ந்த தலையோடு நுழைந்தவர் எவரும் கிடையாது. வீட்டுச் சொந்தக்காரர் குனிந்துதான் நுழைந்தார். குழாய் ரிப்பேருக்கு வந்தவர் உள்ளே போகும்போது ஒழுங்காகக் குனிந்தார். வெளியே வரும்போது அவசரப்பட்டுப் பாதியிலேயே நிமிர்ந்து பின்மண்டையில் வாங்கிக்கொண்டார். யாருக்கும் தலைவணங்க மாட்டேன் என்று மார்தட்டிக்கொண்டு திரிந்த ஒரு பெரியப்பாவைக்கூட அந்த அறை ஒரு மதிய வேளையில் தவழவிட்டுத்தான் உள்ளே சேர்த்துக்கொண்டது.

காரணம், ரயில். அறையின் நான்கு சுவர்களையும் ஒட்டி, இடுப்புக்குக் கொஞ்சம் மேலே, பலகை அடித்து அதன்மேல் ஒரு பொம்மை ரயில் பாதை போட்டிருந்தார் பல் செட்டுக்காரர். பொம்மை என்று அவர் காதுபட யாரும் சொல்லிவிடக் கூடாது. சொன்னால் அன்றைக்கு முழுக்க உட்கார்ந்து விளக்கம் கேட்க வேண்டியிருக்கும். ஸ்டேஷன், சுரங்கம், மலை, ஆறு, சரக்குக் கொட்டகை எல்லாம் உண்டு. கிளம்பிய வண்டி போன வழியே திரும்பக் கூடாது, ஊரைச் சுற்றிக்கொண்டுதான் வர வேண்டும் என்பது அவருடைய பிடிவாதம். நான்கு சுவரையும் சுற்ற வேண்டுமென்றால் வாசலையும் கடந்துதானே ஆக வேண்டும்? ஆகவே வாசலுக்குக் குறுக்கே ஒரு பலகை. கதவு வெளிப்பக்கமாகத் திறக்கும் என்பதால் கதவுக்குத் தொந்தரவில்லை. மனிதர்களுக்குத்தான் தொந்தரவு. 'குனிந்து வரவும்' என்று கதவில் ஓர் அட்டை தொங்கியது. ரோஜா நிறத்தில், ஓரமெல்லாம் பச்சை இலைகளோடு, பிறந்தநாள் கேக்கில் எழுதுவதுபோல் வளைத்து வளைத்து எழுதியிருக்கும். எழுதியது அவர் மனைவி. அவளுக்குப் பேக்கரியில் கேக்குக்குப் பூ வைத்துப் பேர் எழுதுகிற வேலை.

இவருக்கு வேலை பல். டாக்டர் இல்லை. டாக்டர்கள் வாயில் அச்செடுத்து அனுப்புவார்கள். இவர் முன்னறையில் உட்கார்ந்து அதற்குப் பல் செட் செய்து திருப்பி அனுப்புவார். "நம்ம செட்டை மாட்டிக்கிட்டு தும்மலாம், இருமலாம், பொண்டாட்டிகிட்ட சண்டை போடலாம். ஆடாது" என்பது அவர் வாய்ப்பாடு. ஆடக் கூடாது, இடுக்கு இருக்கக் கூடாது, அவ்வளவுதான் அவர் தொழில். இடுக்கு இருந்தால் சாப்பாடு மாட்டும். சாப்பாடு மாட்டினால் போட்டுக்கொண்டவர் டாக்டரைத் திட்டுவார், டாக்டர் இவரைத் திட்டுவார். அதனால் எங்கே மயிரிழை இடுக்கைக் கண்டாலும் அவர் கை தானாகப் போய் அதை அடைத்து, தேய்த்து, பளபளப்பாக்கிவிட்டுத்தான் ஓயும். சாப்பாட்டு மேஜையின் வெடிப்பு, ஜன்னல் சட்டம், மனைவியின் கைப்பேசி உறையில் விழுந்த கீறல் என்று வீட்டில் அவர் அடைக்காத இடமில்லை.

ரயில் அறையின் மலைகளும் பல் அச்சு வார்க்கும் மாவில் செய்தவைதான். கூர்ந்து பார்த்தால் ஒரு சிகரத்தில் கடைவாய்ப்பல் தெரியும். ஆனால் அந்தக் குட்டி ஊருக்கு உயிர் கொடுத்தது மனைவி. அரிசிமணியைவிடக் கொஞ்சமே பெரிய மனிதர்களுக்கு அவள் சட்டை போட்டாள், மீசை வைத்தாள், கையில் பை கொடுத்தாள். ஸ்டேஷன் பக்கம் ஒரு முக்காலியைப் போட்டுக்கொண்டு, நாக்கு நுனியைக் கடித்தபடி, ஞாயிற்றுக்கிழமை முழுக்க உட்கார்ந்திருப்பாள். இவர் வண்டி ஓட்டுவார். பெரிதாக ஒன்றும் பேசிக்கொள்ள மாட்டார்கள். "அந்தப் போர்ட்டர் ரொம்ப நாளா வெறுங்கையோட நிக்கிறான், ஒரு பெட்டி குடுக்கறேன்" என்பாள் அவள். "குடு" என்பார் இவர். கல்யாணமாகி இத்தனை வருஷத்தில் அவர்கள் சண்டையே போடாத ஒரே இடம் அந்த அறைதான்.

பிறகு முழங்கால் வந்து குறுக்கே நின்றது. நாளெல்லாம் நின்றுகொண்டே கேக் அலங்கரித்த முழங்கால், ஒருநாள் போதுமடா சாமி என்று மடங்க மறுத்துவிட்டது. ஆபரேஷன் ஆயிற்று. நடக்கலாம், மெதுவாகப் படியேறலாம், ஆனால் தரையில் உட்கார்ந்து எழுந்து தவழ்கிற ஜோலியெல்லாம் கூடாது என்று டாக்டர் கண்டிப்பாகச் சொல்லிவிட்டார். ஆஸ்பத்திரிக் கட்டிலில் மனைவியின் கையைப் பிடித்துக்கொண்டு பல் செட்டுக்காரர் வாக்குக் கொடுத்தார்.

"நீ கைத்தடியை விட்டுட்டு நடக்கறதுக்குள்ள அந்த வாசல் பலகையைக் கழட்டி மாட்டற மாதிரி பண்ணிடறேன். நிமிர்ந்தே உள்ள வரலாம்."

"பாக்கலாம்" என்றாள் மனைவி.

கைத்தடி மூலைக்குப் போய்ப் பல மாதம் ஆயிற்று. வாசல் மட்டும் திறக்கவில்லை.

வேலையே நடக்கவில்லை என்று சொன்னால் அபாண்டம். நடந்தது, அதுவும் கண்ணும் கருத்துமாக நடந்தது. பழைய பலகையைப் பிடுங்கி எறிந்துவிட்டு, வாசலுக்கு இரண்டு பக்கமும் மேஜைக்கு அடியில் இரும்புத் தாங்கிகள் வைத்து, அவற்றின்மேல் உட்காரும்படி இரட்டை பிளைவுட்டில் ஒரு புதுப்பலகை செய்தார். கழற்றுப்பலகை என்று அதற்குப் பேரும் வைத்தார். யோசனை சொல்ல மைத்துனன் வந்தான். மனைவியின் தம்பி. மாடிக் கட்டடங்களில் லிஃப்ட் ரிப்பேர் செய்கிறவன். உலகத்தில் உள்ள சகலமும் லிஃப்ட்டில் ஒரு வகை என்பது அவன் எண்ணம்.

"அத்தான், முனை ரெண்டையும் சாய்ச்சு அறுங்க. மேல அகலம், கீழ கொஞ்சம் குறுகல். அப்பத்தான் தூக்கினா வரும், வெச்சா உக்காரும்."

"சாய்ச்சா இடுக்கு தெரியும் மாப்ளே."

"தெரிஞ்சா தெரியட்டுமே. யார் வந்து எட்டிப் பாக்கப் போறாங்க?"

"நான் பாப்பேன்" என்றார் பல் செட்டுக்காரர்.

முனைகளை நேராகவே அறுத்தார். உப்புத்தாள் போட்டுத் தேய்த்துத் தேய்த்துப் பொருத்தினார். பலகை உள்ளே இறங்கும்போது புஸ்ஸென்று காற்று வெளியேறியது. "பாத்தியா? ஆடாது" என்று அதன்மேல் தட்டிக் காட்டினார். மைத்துனன் அதைத் தூக்கிப் பார்த்தான். பலகை வந்தது, ஆனால் அதற்குள் அவன் முகம் சிவந்து கழுத்து நரம்பு புடைத்துவிட்டது.

"அத்தான், தப்பா நினைக்காதீங்க. இது கழட்டற பலகையா, கழட்டாத பலகையா?"

"பழகப் பழகச் சரியா வரும்."

மைத்துனன் தன் பங்குக்கு ஒரு ஸ்விட்ச் கொண்டுவந்து மேஜைக்கடியில் பொருத்தினான். "கதவு திறந்திருந்தா லிஃப்ட் நகரவே கூடாது. இங்கயும் அதே கதைதான்" என்றான். பலகை தன் இடத்தில் உட்கார்ந்திருந்தால் ஸ்விட்ச் அழுந்தியிருக்கும், பாதையில் கரண்ட் பாயும். பலகையைத் தூக்கினால் பாதை முழுவதற்கும் கரண்ட் போய்விடும். வண்டி எங்கே இருக்கிறதோ அங்கேயே நின்றுவிடும், வாசலில் பாய்ந்து தரையில் விழாது. இதற்கு மட்டும் பல் செட்டுக்காரர் மறுபேச்சில்லாமல் தலையாட்டினார். ஸ்விட்ச் கண்ணுக்குத் தெரியாத இடத்தில் இருந்ததுதான் காரணம்.

அடுத்தது தண்டவாளம். கழற்றுகிற பலகைக்கென்று தனியாகத் தண்டவாளம் போட்டால் இரண்டு பக்கமும் நேர் சேராது. இம்மி தப்பினாலும் வண்டி கவிழும். அதனால் இந்தப் பக்கத்து மேஜையிலிருந்து அந்தப் பக்கத்து மேஜைவரை முதலில் ஒரே நீளமாகப் போட வேண்டும். இணைப்புக்கு இருபுறமும் திருகாணி முறுக்கி, அதன் தலையோடு தண்டவாளத்தை ஈயம் வைத்துப் பற்றவைக்க வேண்டும். எல்லாம் அசையாமல் நின்ற பிறகு, இணைப்புக்கு நேராகத் தண்டவாளத்தை மெல்லியதாக அறுத்துவிட வேண்டும். அறுத்தால்தான் பலகை தனியாக வரும். போட்டார், முறுக்கினார், பற்றவைத்தார். அறுப்பது ஒன்றுதான் பாக்கி.

அங்கேதான் மனிதருக்குக் கை வரவில்லை. அந்த வாசல் பகுதியில் வண்டி போவதை நீங்கள் பார்த்திருக்க வேண்டும். ஒரு சத்தம் கிடையாது, ஒரு குலுக்கல் கிடையாது. அவர் வாழ்நாளில் போட்ட தண்டவாளத்திலேயே அழகான தண்டவாளம் அது. அதைப் போய் நாலு இடத்தில் வெட்டு என்றால்? முதலில் பசை நன்றாகக் காயட்டும் என்றார். பசை காய்ந்தது. மழை விடட்டும், ஈரத்தில் மரம் ஊதியிருக்கும் என்றார். மழை விட்டது. வேலை வந்து குவிந்துவிட்டது, ஒரு டாக்டர் அவசரமாக மேல்வரிசை கேட்கிறார் என்றார். அந்த மேல்வரிசைக்காரர் அதை மாட்டிக்கொண்டு ஊரெல்லாம் சிரித்துவிட்டு வந்த பிறகும் தண்டவாளம் அறுபடவில்லை. சாக்குப்போக்குக்கு இடையில் பலகையை அலங்கரிக்கத் தொடங்கினார். தண்டவாளத்துக்கு இருபுறமும் பொடிக்கல் தூவினார், புல் ஒட்டினார், ஒரு வேலி போட்டார், வேலிக்குப் பக்கத்தில் இரண்டு ஆடு விட்டார்.

இத்தனை நாளும் மனைவி வாசலுக்கு வெளியே நின்றாள். பலகை டிக்கெட் கவுன்டர் ஆகிவிட்டது. அவள் இந்தப் பக்கத்திலிருந்து டீயை நீட்டுவாள், அவர் அந்தப் பக்கத்திலிருந்து வாங்கிக்கொள்வார். தன்மேல் உள்ள கோபத்தைத் தணிக்க அவர் சரக்கு வண்டியில் பிஸ்கட் துண்டு ஏற்றி அவளுக்கு அனுப்புவார். அது மலையைச் சுற்றி, சுரங்கத்துக்குள் புகுந்து, ஆற்றைக் கடந்து அவள்முன் வந்து நிற்கும். முதல் சில தடவை அவள் சிரித்தாள். அப்புறம் ஒருநாள் பிஸ்கட்டை எடுக்காமலே நின்றாள்.

"எனக்கு பிஸ்கட் வேணாங்க. வழி வேணும்."

"இதோ, ஆச்சு."

"என்ன ஆச்சு?"

பல் செட்டுக்காரர் வண்டியைப் பின்னால் விட்டார். பிஸ்கட் வந்த வழியே போனது.

உள்ளே ஸ்டேஷன் பக்கம் அவள் முக்காலி அப்படியே கிடந்தது. அதில் அவர் தினமும் கால் இடித்துக்கொண்டார். எடுத்து ஓரமாக வைத்தால் இடிக்காது; ஆனால் அவர் வைக்கவில்லை. அவள் இல்லாத அறையில் வண்டி ஓட்டுவது அவருக்கு உப்புச்சப்பில்லாமல் இருந்தது. அதை அவளிடம் சொல்லியிருந்தால் பாதிப் பிரச்சினை தீர்ந்திருக்கும். சொல்லவில்லை, ஏனென்றால் சொன்ன மறுநிமிஷம் "அப்ப அறுங்க" என்பாள்.

ஒரு வெள்ளிக்கிழமை சாயங்காலம் அவர் முன்னறையில் யாருடைய கீழ்வரிசையையோ தேய்த்துக்கொண்டிருந்தார். சாப்பாட்டு மேஜையில் மனைவி ஒரு மனிதனுக்கு வண்ணம் பூசிக்கொண்டிருந்தாள். கையில் குடையோடு வண்டிக்குக் காத்திருக்கும் ஆள்.

"என்னங்க, நம்ம ஸ்டேஷன்ல நின்னா வண்டி எந்தப் பக்கத்துலேர்ந்து வரும்?"

அவர் கை நின்றது. அந்த ஸ்டேஷனில் எந்த விளக்கு எரியாது, எந்தப் பெஞ்சுக்கு ஒரு கால் குட்டை என்பதெல்லாம் அவளுக்குத் தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் தெரியும். அவளா இதைக் கேட்கிறாள்?

"சுரங்கத்துப் பக்கத்துலேர்ந்து" என்றார்.

"ஓ. நான் இவனை வேற பக்கம் பாக்கற மாதிரி பண்ணிட்டேன்." அந்த ஆளை விளக்குக்கு நேரே பிடித்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். பிறகு சாதாரணமாகச் சொன்னாள்: "சரி, இவன்தான் கடைசி. இந்த வண்ணப்பெட்டியை எங்க பேக்கரில ஒரு பொண்ணு கேக்குது. நல்லா வரையுது. ஞாயித்துக்கிழமை சாயங்காலம் வந்து வாங்கிக்கச் சொல்லியிருக்கேன். பிரஷ்ஷெல்லாம் இங்க சும்மா காஞ்சு போகுது."

அவள் குரலில் கோபமே இல்லை. கோபம் இருந்திருந்தால் அவருக்குத் தைரியமாக இருந்திருக்கும். கோபத்துக்குச் சாக்குச் சொல்லலாம். வண்ணப்பெட்டிக்கு என்ன சாக்கைச் சொல்வது? அவர் எழுந்துபோய் மைத்துனனுக்குப் போன் போட்டார்.

"மாப்ளே, ஞாயித்துக்கிழமை காலைல வா. அறுத்துடலாம்."

"யாரை அத்தான்?" என்று கேட்டான் அவன்.

ஞாயிற்றுக்கிழமை காலை மைத்துனன் குனிந்து உள்ளே வந்தான். மனைவி தலையை வாரிப் பின்னி, எங்கோ கிளம்புகிறவள்போல் நல்ல உடை உடுத்திக்கொண்டு வாசலுக்கு வெளியே நின்றாள். வண்ணப்பெட்டி அவள் கக்கத்தில் இருந்தது. எந்தப் பக்கம் போகும் என்று அதற்கே தெரியாது.

பல்லை அறுக்கிற சுழல் தகட்டை முன்னறையிலிருந்து கொண்டுவந்திருந்தார். முகமூடி போட்டார், கண்ணாடி போட்டார், ஒருமுறை கண்ணை மூடிக்கொண்டார். "அத்தான், கண்ணைத் திறந்துக்கிட்டு அறுங்க" என்றான் மைத்துனன். தகடு கிறீச்சிட்டது. ஒவ்வொரு வெட்டுக்கும் அவர் தன் பல்லையே பிடுங்குவதுபோல் முகத்தைச் சுளித்தார். நாலாவது வெட்டும் முடிந்து தகடு ஓய்ந்தபோது அவருக்கே ஆச்சரியமாக இருந்தது. அவ்வளவு ஒன்றும் வலிக்கவில்லை.

"ம், தூக்குங்க" என்றாள் மனைவி.

தூக்கினார். பலகை அசையவில்லை. மைத்துனன் மறுமுனையைப் பிடித்தான். இரண்டு பேரும் மூச்சைப் பிடித்துக்கொண்டு தூக்கினார்கள். இப்போது அசைந்தது, ஆனால் பலகை மட்டுமல்ல, மேஜையே கூட வந்தது. ஸ்டேஷன் கடிகாரம் கழன்று விழுந்தது, கடைவாய்ப்பல் சிகரத்தில் ஒரு விரிசல் ஓடியது, ஆடு இரண்டும் மல்லாந்தன.

"ஈரத்துல மரம் ஊதியிருக்கும்" என்றார் அவர்.

மைத்துனன் விளக்கை எடுத்துக்கொண்டு மேஜைக்கடியில் புகுந்தான். அடியிலிருந்து குரல் வந்தது.

"அத்தான், பலகை எங்க முடியுது, மேஜை எங்க ஆரம்பிக்குது? கோடே காணோமே."

பல் செட்டுக்காரர் முகத்தில் ஈயாடவில்லை. மழை பெய்துகொண்டிருந்த ஒரு மத்தியானம் அவர் நினைவுக்கு வந்தது. முன்னறையில் ஒரு செட்டுக்கு ஈறு வார்த்ததுபோக மிச்சம் கொஞ்சம் இருந்தது, வீணாகப் போகிறதே என்று கையில் எடுத்துக்கொண்டு இந்த அறைக்கு வந்தார். பலகைக்கும் மேஜைக்கும் நடுவில் ஒரு கோடு தெரிந்தது. அதற்கப்புறம் மூளை ஒன்றும் சொல்லவில்லை. கைதான் எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டது.

"அடைச்சுட்டேன்" என்றார் மெல்ல.

"எதை?"

"இடுக்கை."

"எதால?"

"ஈறு செய்யற சாமான்ல."

மேஜைக்கடியில் மைத்துனன் தலை எதிலோ இடித்தது. "அது கல்லு மாதிரி இறுகுமே. தேய்ச்சும் விட்டீங்களா?"

"தேய்ச்சேன். பாலிஷும் போட்டேன். மேல பச்சை வண்ணம் அடிச்சேன்."

"சரி, மேல அடைச்சீங்க. கீழ எதுக்கு அத்தான் அடைச்சீங்க?"

"விட்டா சாப்பாடு மாட்டும்" என்று சொல்லிவிட்டு நாக்கைக் கடித்துக்கொண்டார் பல் செட்டுக்காரர்.

முதலில் சிரித்தது மனைவிதான். கதவுச் சட்டத்தைப் பிடித்துக்கொண்டு, கண்ணில் நீர் வரும்வரை சிரித்தாள். மேஜைக்கடியிலிருந்து தம்பியும் சிரித்தான். பல் செட்டுக்காரரும் அசடு வழிந்தபடி அவர்களோடு சேர்ந்துகொண்டார். பிறகு அவள் சிரிப்பு அடங்கியது. கண்ணைத் துடைத்துக்கொண்டு வண்ணப்பெட்டியைத் தரையில் வைத்தாள்.

"விடுங்க. ஒரு தடவை குனிஞ்சே வந்து பாத்துட்டுப் போயிடறேன்."

"வேணாம்க்கா" என்றான் தம்பி.

அவள் அதற்குள் பலகையைப் பிடித்துக்கொண்டு இறங்கத் தொடங்கிவிட்டாள். பாதி இறங்கினாள். அங்கேயே நின்றாள். மேலேயும் வர முடியவில்லை, கீழேயும் போக முடியவில்லை. முகம் வெளுத்துவிட்டது. பலகையைப் பற்றிய விரல்கள் வேலியையும் புல்லையும் நசுக்கின. பல் செட்டுக்காரர் பாய்ந்துபோய் பலகைக்கு மேலாகக் கைநீட்டி அவள் முழங்கைகளைப் பிடித்துத் தூக்கி நிறுத்தினார். இரண்டு பேருக்கும் நடுவில் அந்தப் பலகை இருந்தது. அவர் செய்ததிலேயே அழகான பலகை, ஆடாத பலகை. அவளை வெளியே வைத்துப் பூசி மெழுகியது தன் கைதான் என்பது அப்போதுதான் அவருக்கு உறைத்தது. அவமானமாக இருந்தது. அதைவிடப் பயமாக இருந்தது, அவள் இன்னொரு தரம் வருகிறேன் என்று சொல்லாமலே போய்விடுவாளோ என்று.

"நீ இல்லாம இங்க நல்லாவே இல்ல" என்றார். மாதக்கணக்காகச் சொல்லாமல் வைத்திருந்த வாக்கியம் அது.

"அதை இப்பத்தான் சொல்றீங்க" என்றாள் அவள், மூச்சு வாங்கிக்கொண்டே.

"மாப்ளே, பெரிய ரம்பத்தை எடு."

"எது, மரம் அறுக்கிறதா? அத்தான், புல்லெல்லாம் போயிடும்."

"புல்லு முளைக்கும். எடு."

ரம்பத்தைச் சாய்த்துப் பிடித்தார். மேலே அகலம், கீழே குறுகல். மைத்துனன் தன் முகத்தில் தெரிந்த திருப்தியை மறைக்கவில்லை. வேலி போனது, பொடிக்கல் பறந்தது, பச்சை வண்ணத்துக்கு அடியிலிருந்து ஈறு நிறத்தில் தூள் கொட்டியது. யாரோ பெரிய ராட்சதனுக்குப் பல் பிடுங்கியதுபோல் இருந்தது தரை. ஒருவழியாகப் பலகை அறுந்து தனியாக வந்தது. அதன் முனைகள் கரடுமுரடாக இருந்தன. திரும்பப் பொருத்தினால் ஒரு மூலையில் முட்டியது, மறு மூலையில் தூக்கியது, தண்டவாளம் ஒன்றுக்கொன்று ஏணிப்படிபோல் நின்றது.

அவர் ஒரு நிமிஷம் யோசித்தார். பிறகு முன்னறைக்கு ஓடினார். இப்போது வாசலில் பலகை இல்லை, ஆனாலும் பழக்கத்தில் குனிந்தே ஓடினார். திரும்பி வரும்போது கையில் நீலத் தாள் இருந்தது. பல் கட்டிய பிறகு டாக்டர் வாயில் வைத்து "கடிங்க, இன்னும் நல்லாக் கடிங்க" என்பாரே, அந்தத் தாள். எங்கே உயரமோ அங்கே மட்டும் நீலம் ஒட்டும்; ஒட்டிய இடத்தை மட்டும் தேய்த்தால் போதும்.

தாளை முனையில் வைத்தார், பலகையை இறக்கினார், உள்ளங்கையால் தட்டினார். "கடி" என்றார் பலகையிடம். எடுத்துப் பார்த்தார். ஓரத்தில் நீலப் பொட்டு. அதை அரத்தால் தேய்த்தார். மறுபடி வைத்தார். "இன்னும் நல்லாக் கடி." மறுபடி நீலம், மறுபடி அரம். வழக்கமாக இந்த வேலையில் எங்கும் இடைவெளி வராதபடி பார்த்துக்கொள்வார். இன்று இடைவெளி வரும்வரை தேய்த்தார். அவருக்கு அது எவ்வளவு கஷ்டம் என்பது மனைவிக்குத் தெரியும். அவள் வாசலில் ஒரு நாற்காலி போட்டு உட்கார்ந்து, முழங்காலை நீவிக்கொண்டே, அவர் கையையே பார்த்துக்கொண்டிருந்தாள். கடைசியில் மேஜையின் மேற்பரப்பில் இரண்டு பக்கமும் நகம் நுழையும் அளவுக்குக் கோடு தெரிந்தது. பலகை அடியிலிருந்த ஸ்விட்ச் 'டிக்' என்றது. அவர் ஒரு கையால் தூக்கினார். வந்தது. வைத்தார். உட்கார்ந்தது. தண்டவாளமும் நேராக நின்றது.

"லிஃப்ட் மாதிரி இருக்கு அத்தான்" என்றான் மைத்துனன்.

பல் செட்டுக்காரர் பலகையைத் தூக்கிச் சுவரோரம் சாய்த்து வைத்துவிட்டு ஒதுங்கி நின்றார். மனைவி எழுந்தாள். வண்ணப்பெட்டியை எடுத்துக்கொண்டாள். தலை நிமிர்ந்து, ஒரு காலைக் கொஞ்சம் இழுத்தாற்போல் வைத்து, உள்ளே வந்தாள். விழுந்த கடிகாரத்தை எடுத்து மாட்டினாள், மல்லாந்த ஆடுகளை நிமிர்த்தினாள், பிறகு தன் முக்காலியில் உட்கார்ந்தாள். உடுப்புப் பையிலிருந்து குடைக்கார ஆளை எடுத்து, சுரங்கத்தைப் பார்க்கும்படி பிளாட்பாரத்தில் நிறுத்தினாள்.

அவர் பலகையை வைத்து வண்டியைக் கிளப்பினார். சுரங்கத்திலிருந்து வந்தது, ஸ்டேஷனைக் கடந்தது, வாசல் பலகையில் ஏறியது. டடக், டடக். மறுமுனையிலும் டடக், டடக். வண்டி கவிழவில்லை. ஆனால் அந்தச் சத்தம்.

"வெட்டு விழுந்த இடம். கொஞ்சம் அடைச்சா சரியாயிடும்" என்றார், கை தானாக முன்னால் போக.

"கை அங்க போச்சுன்னா பாத்துக்கங்க" என்றாள் மனைவி. "இப்பத்தான் ரயில் மாதிரி கேக்குது. இவ்வளவு நாளும் என்னமோ மேஜைல கிண்ணத்தைத் தள்ளற மாதிரி போயிட்டிருந்துச்சு."

மைத்துனன் ஆமாம் என்றான். பல் செட்டுக்காரர் இன்னொரு சுற்று விட்டுக் கேட்டார். நிஜ ரயிலில் ஜன்னலோரம் உட்கார்ந்தால் கேட்கிற அதே சத்தம். எத்தனை வருஷம் இதைத் தண்டவாளத்திலிருந்து துரத்துவதற்காகப் பாடுபட்டோம் என்று நினைத்து அவருக்கே சிரிப்பு வந்தது. சாயங்காலம் பேக்கரிப் பெண் வந்தபோது, புதுப்பெட்டி வாங்கித் தருகிறேன் என்று சொல்லி அவளை அனுப்பிவைத்தாள் மனைவி.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை காலையில் பல் செட்டுக்காரர் கண்விழித்தபோது பக்கத்தில் ஆள் இல்லை. டடக், டடக் என்று கேட்டது. எழுந்துபோய் டீ போட்டு, இரண்டு டம்ளரில் எடுத்துக்கொண்டு பின்னறைக்குப் போனார். மனைவி உள்ளே இருந்தாள். தானே பலகையைத் தூக்கி நுழைந்து, தானே திரும்ப வைத்துக்கொண்டு, முக்காலியில் உட்கார்ந்து, நாக்கு நுனியைக் கடித்தபடி யாருக்கோ மீசை வைத்துக்கொண்டிருந்தாள். மேஜை ஓரத்தில் ஒரு டம்ளரை வைத்துவிட்டு அவர் பலகையில் கை வைத்தார்.

"தூக்காதீங்க" என்றாள், திரும்பாமலே.

"உள்ள வரணுமே."

"தூக்கினா கரண்ட் போயிடும். வண்டி இப்பத்தான் மலையேறுது."

"அப்ப நான் எப்படி வர்றது?"

மனைவி கையிலிருந்த பிரஷ்ஷால் கதவில் தொங்கிய அட்டையைக் காட்டினாள்.

அவர் இரண்டாவது டம்ளரையும் தண்டவாளத்தில் படாமல் மேஜைமேல் வைத்தார். கைலியை மடித்துக் கட்டிக்கொண்டு, இடுப்பைப் பிடித்தபடி, முனகிக்கொண்டே குனிந்தார்.